உதவியாள் படுத்துவிட்டால்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் ஏறுகிறவர்கள் வழக்கமாக 'எங்கள் காலத்தில்' என்று ஆரம்பிப்பார்கள். எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். அந்தப் பல்லவியைப் பாடினாலே நேரம் போய்விடும். அதனால் செயலாளரிடம் முன்கூட்டியே ஒரு வேண்டுகோள் வைத்தேன். கணிப்பொறித் துறை மாணவர்களிடம், உண்மையிலேயே தலைவலி கொடுக்கிற கேள்வி ஏதாவது இருந்தால் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள் என்றேன். வந்த சீட்டுகளில் ஒன்றைத்தான் இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, பயப்பட வேண்டாம். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:

"சார், லேப்டாப்பில் ஆர்ச் லினக்ஸ் வைத்திருக்கிறேன். முழு அப்டேட் கொடுத்தேன். அதிலிருந்து 'யே' எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. அடுத்த வாரம் ப்ராஜக்ட் ரிவ்யூ. ஃபார்மட் செய்து முதலிலிருந்து போட்டுவிடட்டுமா?"

வேண்டாம் தம்பி. ஃபார்மட் செய்தால் ஒரு நாள் முழுக்கப் போகும். பேக்கப் எடுக்காத கோப்பு ஏதாவது இருந்தால் அதுவும் போகும். இதைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்து ஐந்தாறு கட்டளைகள் போதும். ஆனால் கட்டளையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், அடுத்த முறை இதே சீட்டு இன்னொரு பெயரில் வரும். ஆகவே கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் கொட்டாவி விடுவதற்கு முன் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் ஊரெல்லாம் தேடி அலைய வேண்டியதில்லை. பேக்கேஜ் என்று மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். அதைக் கொண்டுவந்து உரிய இடத்தில் வைக்க ஒரு மேனேஜர் உண்டு. உபுண்டுவில் அதன் பெயர் ஆப்ட், ஃபெடோராவில் டிஎன்எஃப், ஆர்ச்சில் பேக்மேன். ஆர்ச் லினக்ஸ் 2002-இல் கனடாவில் ஜட் வினெட் என்பவர் தொடங்கியது. இந்த வருடப் பதிப்பு, அடுத்த வருடப் பதிப்பு என்ற கணக்கே அதில் கிடையாது. புதிது வர வர வந்துகொண்டே இருக்கும். ஓடுகிற பஸ்ஸில் டயர் மாற்றுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வண்டி நிற்காமலே மாற்றிவிடுகிறார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

பேக்மேனின் அதிகாரபூர்வக் கிடங்கில் இல்லாத சாமானுக்கு ஏயூஆர் என்று ஒரு பொதுக் களஞ்சியம் இருக்கிறது. அங்கே சமைத்த சாப்பாடு கிடைக்காது. சமையல் குறிப்புதான் கிடைக்கும். பிகேஜி-பில்டு என்று அந்தக் குறிப்புக்குப் பெயர். குறிப்பை இறக்கி, அதில் சொன்னபடி மூல நிரலைக் கொண்டுவந்து, நம்முடைய கணிப்பொறியிலேயே கம்பைல் செய்து, மூட்டை கட்டி, பேக்மேனிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு பேக்கேஜுக்குச் செய்யலாம். முப்பது பேக்கேஜுக்கு வாராவாரம் யார் செய்வது? அதற்காகத்தான் சில புண்ணியவான்கள் உதவியாள் புரோகிராம்கள் எழுதினார்கள். முன்பு யவூர்ட் என்று ஒன்று இருந்தது. பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்குத் தயிர் என்று பொருள். அதன் வழியில் வந்ததுதான் யே. பெயரை விரித்தால் 'இன்னுமொரு தயிர்' என்று வரும். இப்போது இன்னொன்றும் பிரபலம். அதன் பெயர் பாரு. முதன்முதலில் அந்தப் பெயரைக் கேட்டபோது, யாரோ என்னை 'இங்கே பாரு' என்று அதட்டுவது போலத்தான் இருந்தது.

இந்த உதவியாட்களை ஆர்ச் குழுவினர் தங்கள் கிடங்கில் வைப்பதில்லை. அவை பழுதானால் அவர்கள் பொறுப்பேற்பதும் இல்லை. உதவியாளும் ஏயூஆரிலிருந்தே வருகிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

சரி, யே எழுந்திருக்க மறுக்கும்போது திரையில் ஒரு வரி வரும். சாரத்தைத் தமிழில் சொல்கிறேன்: 'பொது நூலகக் கோப்பை ஏற்றுவதில் பிழை. லிப்ஆல்பிஎம் புள்ளி எஸ்ஓ புள்ளி 14-ஐத் திறக்க முடியவில்லை. அப்படி ஒரு கோப்பு இல்லை.' எனக்குத் தெரிந்த மாணவர்களில் பாதிப் பேர் இந்த வரியைப் படிப்பதே இல்லை. சிவப்பாக, இங்கிலீஷில் நீளமாக எது வந்தாலும் 'எரர் வருது சார்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நோயாளி எந்த இடத்தில் வலி என்று விரல் வைத்துக் காட்டுகிறார். டாக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி?

லிப்ஆல்பிஎம் என்பது பேக்மேனின் மூளை. மூட்டையைப் பிரிப்பது, எது எதைச் சார்ந்தது என்று கணக்குப் போடுவது எல்லாம் அந்த நூலகத்தில் இருக்கிறது. பேக்மேன் அதைப் பயன்படுத்துகிறது. யே, பாரு இரண்டும் அதையே பயன்படுத்துகின்றன. அந்த நூலகத்தின் உள் அமைப்பு, பழைய புரோகிராம்களோடு ஒத்துப்போகாத அளவுக்கு மாறினால், பெயரின் கடைசியில் உள்ள எண்ணை ஒன்று கூட்டுவார்கள். 2021-இல் பேக்மேன் 6.0 வந்தபோது 13 ஆனது. 2024 மார்ச்சில் 6.1 வந்தபோது 14. அதே வருடம் செப்டம்பரில் 7.0 வந்தபோது 15. ஒவ்வொரு முறையும் உலகம் முழுக்க யே வைத்திருந்தவர்கள் பலர் காலையில் எழுந்து இதே வரியைப் பார்த்தார்கள். செப்டம்பர் கதையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

சென்னையில் பழைய தெருக்களில் நடந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கதவில் இரண்டு எண் இருக்கும்: பழைய எண், புதிய எண். கார்ப்பரேஷன் எண்ணை மாற்றிவிட்டது. உங்களிடம் இருக்கிற கடிதத்தில் 14 என்றுதான் எழுதியிருக்கிறது. யே கம்பைல் ஆன அன்றைக்கு இருந்த முகவரியை, அதாவது 'எனக்கு லிப்ஆல்பிஎம் 14 வேண்டும்' என்பதை, தன் வயிற்றுக்குள்ளேயே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. புரோகிராமைத் தொடங்கும்போது லோடர் என்கிற தபால்காரர் அந்த முகவரியைப் படித்துத் தெருவுக்குப் போகிறார். 14 இல்லை. பக்கத்தில் 15 இருக்கிறதே என்று அவர் சமயோசிதம் எதுவும் செய்ய மாட்டார். கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். யே முதல் வரியைக்கூட ஓட்டவில்லை. அதற்குள் கதை முடிந்துவிட்டது.

இங்கே ஒரு குறுக்குவழி உண்டு. சுருள் எழுத்து மாதிரி ஒரு வரி. 15 என்ற கோப்புக்கு 14 என்று இன்னொரு பெயர்ப்பலகை மாட்டிவிடுவது. சிம்பாலிக் லிங்க் என்று சொல்வார்கள். 'ஒரே நிமிஷம் மச்சி, ஓடிடுச்சு' என்று நண்பர் யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். வாசலில் 14 என்று பெயின்ட் அடித்துவிட்டால் தபால்காரர் ஏமாந்துவிடுவார், வாஸ்தவம். ஆனால் உள்ளே குடியிருப்பவர் வேறு ஆள். பழைய ஆளிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு யே பேசும். அந்த ஆள் வேறு விதமாகப் புரிந்துகொள்வார். நல்ல காலமாக இருந்தால் உடனே கீழே விழும். கெட்ட காலமாக இருந்தால் விழாமல், பேக்கேஜ் கணக்கேட்டில் கை வைக்கும். அந்த எண்ணை மாற்றியதே, 'இனிமேல் பழைய நம்பிக்கையில் இங்கே வராதே' என்று சொல்வதற்குத்தான். விண்டோஸில் டிஎல்எல் தொல்லையால் தூக்கம் இழந்த எங்கள் செட் ஆட்களுக்கு இந்த நோய் புதிதல்ல; அங்கே எண் போடாமல் ஒரே பெயரில் மாற்றி மாற்றி எழுதியதால் வந்த வினை. இங்கே எண் போட்டு நாசூக்காக எச்சரிக்கிறார்கள். அதைப் பெயின்ட் அடித்து மறைக்கக் கூடாது.

'அப்படியானால் பேக்மேன் மட்டும் ஏன் படுக்கவில்லை?' என்று ஒரு கேள்வி எழ வேண்டும். எழுந்தால் உங்களுக்கு மார்க் உண்டு. பேக்மேனும் லிப்ஆல்பிஎம்மும் ஒரே மூட்டையில் வருகின்றன, சேர்ந்தே மாறுகின்றன. அதிகாரபூர்வக் கிடங்கில் அந்த நூலகத்தை நம்பியிருக்கும் மற்றவற்றையும் ஆர்ச் குழுவினர் மறுபடி கம்பைல் செய்து சேர்த்தே அனுப்புவார்கள். யே அப்படி அல்ல. அதைக் கம்பைல் செய்தது உங்கள் லேப்டாப். அதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியவரும் நீங்கள்தான். சில சமையல் குறிப்புகளில் 'எனக்கு இந்த எண் நூலகம்தான் வேண்டும்' என்று திட்டவட்டமாக எழுதியிருப்பார்கள். அப்போது பேக்மேன் அப்டேட்டையே நிறுத்தி, 'இதை மாற்றினால் அது உடையும்' என்று முன்கூட்டியே சொல்லிவிடும். குறைந்தபட்ச எண்ணை மட்டும் எழுதியிருந்தால் தடையில்லாமல் போய்விடும். உடைந்த பிறகுதான் தெரியும்.

இன்னொரு சிக்கல். ஏயூஆர் சாமான்களைப் புதுப்பிப்பவர் யே. யேயும் ஏயூஆர் சாமான். யே படுத்துவிட்டால் யேயை யார் எழுப்புவது? தயிர் உறைய உறைமோர் வேண்டும். வீட்டில் இருந்த தயிர் கெட்டுப்போனால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவதில்லையா? இங்கே பக்கத்து வீடு மேக்-பிகேஜி. அது பேக்மேனோடு கூடவே வருவது. யே இத்தனை நாள் உங்களுக்காகத் திரைமறைவில் இதைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

இப்போது கட்டளைகள். குறித்துக்கொள்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் நோயை உறுதி செய்யுங்கள். எல்டிடி என்ற கட்டளைக்கு யே இருக்கும் முழுப் பாதையைக் கொடுத்தால், அது கேட்கும் நூலகங்களை வரிசையாகக் காட்டும். எதற்கு நேரே 'காணவில்லை' என்று வருகிறதோ அதுதான் குற்றவாளி.

அடுத்து, அப்டேட் அரைகுறையாக நின்றிருக்கக் கூடாது. சூடோ பேக்மேன், ஒரு கோடு, பெரிய எஸ், சிறிய ஒய், சிறிய யூ. மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். யூ இல்லாமல் எஸ்-ஒய் மட்டும் போட்டு ஒரே ஒரு பேக்கேஜைப் புதிதாக இழுப்பது பலருக்கும் உள்ள பழக்கம். கிடங்கின் பட்டியல் புதிதாகவும் வீட்டுச் சாமான் பழையதாகவும் இருக்கும். இன்றைக்கு யே உடைந்த மாதிரி நாளைக்கு வேறு ஏதாவது உடையும். ஆர்ச் இதை ஆதரிப்பதே இல்லை. மாதக்கணக்கில் அப்டேட் செய்யாத லேப்டாப்பாக இருந்தால் கையெழுத்துச் சாவிகள் காலாவதி ஆகியிருக்கும். அப்போது மட்டும் ஆர்ச்லினக்ஸ்-கீரிங் என்ற பேக்கேஜை முதலில் புதுப்பித்துவிட்டு, கையோடு முழு அப்டேட்டையும் முடித்துவிட வேண்டும்.

மூன்றாவதாக, பேஸ்-டெவெல், கிட் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஏயூஆரிலிருந்து யேயின் குறிப்பை கிட் க்ளோன் செய்து, அந்த அடைவுக்குள் போங்கள். பிகேஜி-பில்டு கோப்பைத் திறந்து படியுங்கள். சின்னக் கோப்புதான், படிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. அதன் பிறகு மேக்-பிகேஜி, ஒரு கோடு, எஸ், ஐ. 'எஸ்' தேவையான துணைப் பேக்கேஜ்களைக் கொண்டுவரும். 'ஐ' கட்டி முடித்ததை நிறுவும். இதற்கு முன்னால் சூடோ போடாதீர்கள். ரூட்டாக ஓட மேக்-பிகேஜியே மறுத்துவிடும். யே எழுதப்பட்டது கோ மொழியில் என்பதால் கோ கம்பைலர் இறங்கும். அது கொஞ்சம் பெருத்த உடம்பு. ஹாஸ்டல் வைஃபையில் பொறுமை தேவை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நிறையப் பேர் இதில் விழுந்துவிட்டு, 'சார், சொன்னபடியே செய்தேன், மறுபடி அதே எரர்' என்கிறார்கள். போன வருடம் க்ளோன் செய்த அதே பழைய அடைவில் போய் மேக்-பிகேஜி எஸ்-ஐ கொடுத்திருப்பார்கள். அங்கே பழைய மூட்டை அப்படியே இருக்கும். மேக்-பிகேஜி அதைப் பார்த்து, 'ஏற்கெனவே கட்டியது இருக்கிறது, அதையே நிறுவுகிறேன்' என்று ஒரு வரி எச்சரிக்கை சொல்லிவிட்டு, 14-ஐத் தேடும் பழைய யேயை மறுபடி நிறுவிவிடும். புதிதாகக் கட்டவே கட்டாது. ஆகவே புதிய அடைவில் க்ளோன் செய்யுங்கள். அல்லது கிட் புல் செய்துவிட்டு, எஃப் என்ற எழுத்தையும் சேர்த்துக் கட்டாயப்படுத்துங்கள்.

கம்பைல் செய்ய நேரமில்லை என்பவர்களுக்கு யே-பின் என்று கட்டி முடித்த மூட்டையும் ஏயூஆரில் கிடைக்கிறது. அவசரத்துக்கு உதவும். ஆனால் அதைக் கட்டியவர் புதிய எண்ணுக்குக் கட்டியிருந்தால்தான் பலன். இல்லாவிட்டால் பழைய கதைதான். சில சமயம் மறுபடி கம்பைல் செய்வதும் போதாது. நூலகத்தின் உள்ளே மாறியதற்கு ஏற்ப உதவியாளின் நிரலையே மாற்ற வேண்டியிருக்கும். அது அதை எழுதியவர்கள் வேலை; அவர்களும் சம்பளம் வாங்காமல் செய்கிறவர்கள். அதுவரை வேண்டிய பேக்கேஜை மேக்-பிகேஜியால் கையாலேயே கட்டிக்கொள்ளலாம். ப்ராஜக்டுக்கு வேண்டியது இரண்டு மூன்று பேக்கேஜ்தானே? ரிவ்யூ நிற்காது.

யே எழுந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு மூடிவிடாதீர்கள். இதே முறையில் இன்னும் யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்ப்பது நல்லது. பேக்மேன், பெரிய க்யூ, சிறிய எம் கொடுத்தால் அதிகாரபூர்வக் கிடங்கில் இல்லாத சாமான்களின் பட்டியல் வரும். ரீபில்டு-டிடெக்டர் என்ற பேக்கேஜில் செக்ரீபில்டு என்று ஒரு கருவி இருக்கிறது. மறுபடி கட்ட வேண்டியவற்றை அது தேடிச் சொல்லும். பைதான் வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். 2024-இல் ஆர்ச் பைதான் 3.11-லிருந்து 3.12-க்கு மாறியபோது, ஏயூஆரிலிருந்து வந்த பைதான் சாமான்கள் 3.11 என்று பெயரிட்ட அடைவிலேயே தங்கிவிட்டன. புதிய பைதான் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது. 'மாட்யூல் காணோம்' என்று வரும். சாமான் எங்கும் போகவில்லை. பழைய வீட்டில் பூட்டிய கதவுக்குள் இருக்கிறது. மறுபடி கட்டினால் புது வீட்டுக்கு வந்துவிடும்.

உபுண்டு வைத்திருப்பவர்கள் 'நமக்கில்லை' என்று சிரிக்க வேண்டாம். அங்கே சிஸ்டத்தோடு வந்த பைதானை மாற்றிப் புதியதை அந்தப் பெயரில் வைத்துவிட்டு, மறுநாள் 'ஆப்ட்-பிகேஜி என்ற மாட்யூல் இல்லை' என்று வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆப்டின் சில உதவியாட்கள் சிஸ்டம் பைதானை நம்பிக் கட்டப்பட்டவை. அங்கே மருந்து வேறு: மறுபடி கட்ட வேண்டாம், பழைய பைதானை அதன் இடத்தில் திரும்ப உட்கார வைத்தால் போதும். உங்களுக்குப் புதியது வேண்டுமென்றால் தனி விர்ச்சுவல் என்விரான்மென்டில் வைத்துக்கொள்ளுங்கள். மேக் வைத்திருக்கும் பணக்கார நண்பர்களுக்கும் சிஸ்டம் மாறியதும் சில சமயம் கிட்டும் ஹோம்ப்ரூவும் முரண்டு பிடிக்கும். ஆப்பிளின் கமாண்ட் லைன் கருவிகளை மறுபடி நிறுவினால் அநேகமாகத் தீரும்.

குறிப்பைப் படியுங்கள் என்று நடுவில் சொன்னேன். அதற்காக இரண்டு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன். தலைவர் பொறுத்தருள வேண்டும். ஏயூஆரில் யார் வேண்டுமானாலும் குறிப்பு எழுதி வைக்கலாம். 2018 ஜூலையில், கவனிப்பாரற்றுக் கிடந்த அக்ரோரீட் என்ற பேக்கேஜை ஒருவர் பொறுப்பேற்று, அதில் தீய நிரலைச் செருகிவிட்டார். 2025 ஜூலையில் இன்னும் சாமர்த்தியமாக வந்தார்கள். ஃபயர்ஃபாக்ஸ்-பேட்ச்-பின், லிப்ரவுல்ஃப்-ஃபிக்ஸ்-பின், ஸென்-ப்ரவுஸர்-பேட்ச்டு-பின் என்று மூன்று பேக்கேஜ்கள். ஆர்ச் குழுவினர் இரண்டே நாளில் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள்; ஆனால் நிறுவியவர்களின் கணிப்பொறி அதற்குள் தூரத்தில் இருக்கும் ஒருவர் கைக்குப் போகும்படியான நிரல் அவற்றில் இருந்தது. பெயர்களைக் கவனித்தீர்களா? பேட்ச், ஃபிக்ஸ். எதையோ சரிசெய்து தருவதாகத்தான் பெயரே. நல்ல நிலையில் இருக்கும் சிஸ்டத்தில் உட்கார்ந்து நிதானமாக வேலை செய்பவர் இதைத் தேட மாட்டார். எதுவோ உடைந்து, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, நாளைக்கு ரிவ்யூ என்ற பதற்றத்தில் 'ஃபிக்ஸ்' என்று தேடுகிறவருக்காகவே வைத்த கண்ணி அது. உதவியாள் 'குறிப்பைப் பார்க்கிறாயா?' என்று கேட்கும்போதெல்லாம் என்டரைத் தட்டிக்கொண்டே போகிற விரலுக்குத்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

கடைசியாக என் வயது நண்பர்களிடம் ஒரு விண்ணப்பம். மாணவர்கள் தைரியமாக எதையும் தொட்டுப் பார்க்காததற்குக் காரணம் இருக்கிறது. லேபில் அவர்களுக்கு ரூட் அனுமதி கிடையாது. அது நியாயம்தான், அத்தனை பேர் புழங்கும் இடம். சொந்த லேப்டாப்பில் ப்ராஜக்ட் இருக்கிறது, உடைந்தால் போச்சு. பிறகு எங்கேதான் உடைத்துப் பழகுவார்கள்? நம் வீடுகளில் பரணில் தூசி படிந்து கிடக்கும் பழைய லேப்டாப்கள் ஆளுக்கொன்று இருக்கும். நான்கைந்து ஜிபி ராம் இருந்தால் போதும், ஆர்ச் தாராளமாக ஓடும். சங்கத்தின் மூலம் அவற்றைத் துறைக்குக் கொடுத்தால், ஒரு மேஜை போட்டு, 'இவை உடைப்பதற்காக' என்று எழுதி ஒட்டிவிடலாம் என்று துறைத் தலைவர் அவர்களிடம் பேசியிருக்கிறேன். அவரும் மனமார ஒப்புக்கொண்டிருக்கிறார். என் பங்காக இரண்டு இயந்திரங்கள் காரில் இருக்கின்றன. ஒன்றில் வேண்டுமென்றே பழைய பேக்மேனும் பழைய யேயும் வைத்திருக்கிறேன். அப்டேட் கொடுத்த மாத்திரத்தில் படுத்துக்கொள்ளும்.

செயலாளர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறார். சாப்பாட்டுக்குப் பிறகு பழைய கம்ப்யூட்டர் சென்டரில் இருப்பேன். இரண்டு பேர் வந்தால் வண்டியிலிருந்து இயந்திரங்களை இறக்கக் கை கிடைக்கும்.